நானோ மருந்து குருதிக்குள் போனதும் என்ன நடக்கிறது?

கீரிமலையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் குழம்புகின்றன. வீட்டில் ஒருவருக்குத் தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை நடக்கிறது. 2011இல் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சேர்த்த பணத்தில் எழுந்த வைத்தியசாலை அது. வெளிநாட்டு உறவினர் தொலைபேசியில் சொல்கிறார்: "இப்ப நானோ மருந்து வந்திட்டுது. புற்றுக்கு மட்டும்தான் போகும், பிறகு தானாகக் கரைஞ்சிடும்." இது உண்மையா என்பதே கேள்வி. கீமோதெரபி என்றால் என்ன என்பதையெல்லாம் விட்டுவிட்டு, நேரே குருதிக்குள் இறங்குகிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். 'உடலில் சிதையும் பல்பகுதியம்' என்பதைக் கம்பனி ஏடுகள் நற்சான்றிதழ் போலத் தூக்கிப்பிடிக்கின்றன. அதன் பொருள் இவ்வளவுதான்: பிஎல்ஜிஏ போன்ற பொருள் நீரால் உடைந்து லக்டிக் அமிலமும் கிளைக்கொலிக் அமிலமும் ஆகும். மருத்துவம் இதை நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறது. 1989இல் அமெரிக்கா அனுமதித்த புரொஸ்டேட் புற்றுக்கான லூப்ரோன் டிப்போ ஊசியில் இருந்ததும் இதுவே. ஆனால் இது சிதைய வாரங்கள், சிலவேளை மாதங்கள் ஆகும். மருந்தைச் சுமந்து குருதிக்குள் போன நானோ துணிக்கையின் கதியோ நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது. ஆகவே 'சிதையும்' என்ற சொல் நோயாளியின் கேள்விக்குப் பதிலே அல்ல.

'இலக்கை நோக்கிச் செல்லும்' என்பது இரண்டாவது. ரொறன்ரோவில் வாரன் சான் குழுவினர் பத்தாண்டு காலத்து விலங்கு ஆய்வுகளைத் திரட்டி 2016இல் கணக்குப் பார்த்தார்கள். ஏற்றிய நானோ துணிக்கைகளில் கட்டியைச் சென்றடைந்தவை, இடையப் பெறுமானத்தில், 0.7 சதவீதம். ஆயிரத்தில் ஏழு. மீதியில் பெரும்பங்கு ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது.

ஏன் ஈரலுக்கு? ஒரு லீற்றர் குருதித் திரவவிழையத்தில் 60 முதல் 80 கிராம் வரை புரதம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் அல்புமின். துணிக்கை உள்ளே நுழைந்து அரை நிமிடம் ஆகுமுன்னே புரதங்கள் அதன் மேல் படிந்துவிடுகின்றன. கடலில் விட்ட வள்ளத்தின் அடியில் வழுவழுப்பான படலம் முதலில் பிடித்து, பாசியும் சிப்பியும் பிறகு ஏறுவது போல இங்கும் ஓர் ஒழுங்கு உண்டு. 1960களில் லியோ வ்ரோமன் என்ற குருதி ஆய்வாளர் (நெதர்லாந்தில் கவிஞராகவும் புகழ்பெற்றவர்) இதைக் கவனித்தார். எண்ணிக்கையில் மிகுந்து வேகமாக அலையும் புரதங்கள் முதலில் வந்து ஒட்டுகின்றன. பிறகு, அரிதாக இருந்தாலும் பிடிப்பு வலுத்தவை அவற்றைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கின்றன. அல்புமினை ஃபைப்ரினோஜன் அகற்றும்; அதையும் வேறொன்று அகற்றும். உடலின் கலங்களுக்குப் புலப்படுவது ஆய்வுகூடத்தில் செய்த பல்பகுதியம் அல்ல, இந்தப் புரதப் போர்வை. அதில் பிறபொருளெதிரிகளும் நிரப்புப் புரதங்களும் இருந்தால், ஈரலின் விழுங்கு கலங்கள் துணிக்கையைப் பிடித்துக்கொள்ளும்.

என்னை உறுத்துவது இதற்கு அடுத்தது. துணிக்கையின் மேல் ட்ரான்ஸ்ஃபெரின் புரதத்தைப் பொருத்தினால் அது புற்றுக் கலத்தின் வாங்கியைத் தேடிப் பிடிக்கும் என்பது நீண்டகால நம்பிக்கை. 2013இல் டப்ளின் ஆய்வாளர்கள் சிலிக்காத் துணிக்கைகளில் இதைச் சோதித்தார்கள். புரதங்கள் நிறைந்த சீரத்துக்குள் போனதும், பொருத்திய புரதத்தை மற்றப் புரதங்கள் மூடிவிட்டன. துணிக்கை கலத்துக்குள் போவது நிற்கவில்லை. எந்தக் கலம் என்று தெரிந்தெடுக்கும் திறன்தான் போய்விட்டது. விளம்பரப் படங்களில் அந்த மூடல் வருவதே இல்லை.

இதே ஒட்டலைப் பயனாக்கியவர்களும் உண்டு. பிராங்பேர்ட்டில் யோர்க் க்ரொய்ட்டர், உடலில் சிதையும் சயனோஅக்ரிலேற்றுத் துணிக்கைகளின் மேல் பொலிசோர்பேற் 80ஐப் பூசினார். குருதியில் அதன் மேல் அப்போலிப்போபுரதம்-ஈ ஒட்டுகிறது. மூளைக் குருதிக்குழாயின் கலங்கள் அதைக் கொழுப்புத் துணிக்கை என்று எடுத்து உள்ளே விடுகின்றன. தனியாக ஏற்றினால் மூளைக்குள் போகாத டலார்ஜின் என்ற வலிநிவாரணி, 1995இல் எலிகளில் இப்படித்தான் வேலை செய்தது. குருதியைத் தடுக்கப் பார்க்காமல் அதையே வழிகாட்டியாக்கிய இந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் எலி எலிதான்.

மற்றக் கேள்விகள்:

துணிக்கையின் மேல் பொலியெதிலீன் கிளைக்கோல் பூசினால் புரதம் ஒட்டாதா? குறையும், நிற்காது; சிலருடைய குருதியில் அந்தப் பூச்சுக்கே பிறபொருளெதிரி இருக்கிறது.

சீனி வருத்தம், கூடிய கொழுப்பு உள்ளவருக்கு வேறுபடுமா? ஆம், ஒட்டும் புரதங்கள் ஆளுக்கு ஆள், நோய்க்கு நோய் மாறுகின்றன.

சில நானோ மருந்துகளின் முதல் ஊசியை ஏன் மெதுவாக ஏற்றுகிறார்கள்? நிரப்புப் புரதங்கள் திடீரென்று தூண்டப்பட்டு ஒவ்வாமை போன்ற விளைவு வரக்கூடும் என்பதால்.

அரசு அனுமதித்தால் போதாதா? 2023இல் நம் நாட்டு வைத்தியசாலைகளுக்குத் தரமற்ற இம்யூனோகுளோபுலின் போய்ச் சேர்ந்ததை மறக்க முடியாது; ஆகவே நீங்களும் வைத்தியரிடம் கேளுங்கள்.

என்ன கேட்பது? தரவு மனிதரில் எடுத்ததா, எலியில் எடுத்ததா. ஈரலில் எவ்வளவு தங்குகிறது.

நானோ மருந்து வரும் என்று இப்போதைய சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா? கூடாது.