கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியது

1995 மே மாதம். சமீரா கோலி என்ற 44 வயதுப் பெண், நிற்காத உதிரப்போக்குக்காக டெல்லியில் ஒரு பெண் மருத்துவரிடம் போனார். காரணத்தைக் கண்டறிய லேப்ராஸ்கோப்பி செய்யச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது உதவி மருத்துவர் தியேட்டரை விட்டு வெளியே வந்து, காத்திருந்த தாயாரிடம் இன்னொரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கருப்பை, சினைப்பைகள், கருக்குழாய்கள் அனைத்தும் அகற்றப்பட்டன.

2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தவறு என்றது. சோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவை சிகிச்சைக்குச் செல்லாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், மயக்கம் தெளிந்ததும் தானே முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்காக அவருடைய தாய்கூடக் கையெழுத்திட முடியாது. மருத்துவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்பதும் அவரைக் காப்பாற்றவில்லை. இழப்பீடு 25,000 ரூபாய்தான். ஆனால் அந்தத் தீர்ப்பு நமக்கெல்லாம் ஓர் அளவுகோலைக் கொடுத்தது: என்ன சிகிச்சை, எதற்காக, என்ன பலன், வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, வேண்டாம் என்றால் என்ன ஆகும். இவ்வளவும் தெரிந்த பிறகு கொடுப்பதுதான் சம்மதம்.

செங்கல்பட்டு மாவட்டத்துச் சிறுசேரியில் இதற்குத் தனி அவசரம் இருக்கிறது. சிப்காட் வளாகத்துக்கும் சுற்றிலும் எழும் கட்டடங்களுக்கும் வேலைக்கு வந்தவர்களில் பலருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அடிபட்ட தொழிலாளியைக் கூட்டி வரும் மேஸ்திரியோ சூப்பர்வைசரோ படிவத்தில் கையெழுத்துப் போட்டால், நினைவோடு படுத்திருப்பவரின் சம்மதம் ஆகிவிடாது. அவர் மொழி தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்தாக வேண்டும். நினைவில்லாமல், உயிர் போகும் நிலையில் வந்தவருக்கு மட்டும் சட்டம் விலக்குத் தருகிறது. அங்கே கையெழுத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

இந்த இடத்தில்தான் நர்ஸின் பொறுப்பு வருகிறது. சிகிச்சையை விளக்குவது அதைச் செய்யப்போகும் மருத்துவரின் வேலை. அதை வார்டில் இருக்கும் சிஸ்டர் தலையில் கட்டுவது அவருக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து. நர்ஸ் பார்க்க வேண்டியது வேறு: படிவத்தில் சிகிச்சையின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா, வெற்றிடம் விடப்பட்டிருக்கிறதா, தூக்க ஊசி போடுவதற்கு முன்பே கையெழுத்து வாங்கியாயிற்றா, யாராவது பக்கத்தில் நின்று வற்புறுத்துகிறார்களா. "அம்மா, உங்களுக்கு என்ன ஆபரேஷன்னு டாக்டர் சொன்னாரா? நீங்களே சொல்லுங்க பார்ப்போம்" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். "ஏதோ கட்டின்னாங்க" என்று பதில் வந்தால், அந்தப் படிவம் அங்கேயே நிற்க வேண்டும். மருத்துவரைக் கூப்பிட்டு, கூப்பிட்ட நேரத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலும் மயக்க மருந்துக்கு முன்பே பெயர், இடம், சிகிச்சை, சம்மதம் நான்கையும் நோயாளியிடமே உறுதிசெய்யச் சொல்கிறது. இதைச் செய்யும் நர்ஸை "லேட் பண்றீங்க" என்று கடிந்துகொள்ளும் நிர்வாகம், தனக்கே குழி தோண்டிக்கொள்கிறது.

ரத்தம் எடுப்பதிலும் கருக்கலைப்பிலும் கவனம் தேவை. ஹெச்.ஐ.வி. பரிசோதனைக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி விவரம் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். மற்ற டெஸ்ட்டுகளோடு சேர்த்துச் சொல்லாமல் எடுத்துவிடக் கூடாது. கருக்கலைப்பில் 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை.

மீறல் நடந்துவிட்டால் முதலில் கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிலும், நர்ஸ் மீது தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலிலும் புகார் செய்யலாம். பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை என்றால் 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட முடியும். சிறுசேரிக்காரர்களுக்கு அது செங்கல்பட்டு. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.