பட்டு றிபனில் ஒரு பட்டிப்பூ

நூலால் ஓர் இதழை நிரப்பப் பல தையல்கள் வேண்டும். பட்டு றிபனிலோ ஒரு தையலே ஓர் இதழ். ஆனால் அந்த ஒரு தையலில்தான் பலர் பிழை விடுகின்றனர். நூலைப் போல் இறுக்கி இழுக்கின்றனர். இறுகிய றிபன் கயிறாகுமே தவிர இதழாகாது.

முற்றத்துப் பட்டிப்பூவை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். 7 மில்லிமீற்றர் அகல றிபனை ஓரடிக்கு மேல் வெட்ட வேண்டாம். துணியினூடே பல தடவை சென்றால் ஓரம் பிசிறும். ஊசியின் கண் பெரிதாகவும் முனை கூராகவும் இருக்கட்டும். பூவின் நடுவிலிருந்து றிபனை மேலே எடுத்து, துணிமேல் தட்டையாக விரித்து, இதழ் நுனி வரவேண்டிய இடத்தில் றிபனையே குத்தி ஊசியைக் கீழே இறக்குங்கள். மெதுவாக இழுக்க, நுனியின் ஓரங்கள் உட்சுருளும். சுருண்டவுடன் நிறுத்திவிடுங்கள். இப்படி ஐந்து இதழ்கள். ஒன்று சற்றுத் தளர்ந்து, ஒன்று சாய்ந்திருக்கட்டும், செடியிலும் அப்படித்தான். நடுவில் கருஞ்சிவப்பு நூலால் ஒரு முடிச்சு.

பீட விரிப்பில் இவ்வேலையைச் செய்யலாமா என்று சகோதரிகள் கேட்பதுண்டு. நான் உடன்படுவதில்லை. அடிக்கடி தோய்த்து மினுக்கும் துணியில் இதழ்கள் நசுங்கி, பல நாள் உழைப்பு வீணாகும். கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கும் படத்துக்கே இது உகந்தது.