கம்ப்யூட்டரை மாற்றும் முன் போல்ட்டைப் பாருங்கள்

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சாலிட்வொர்க்ஸில் அந்தப் பெரிய அசெம்ப்ளி திறக்க எப்படியும் நேரமாகும், அதற்குள் பேசிவிடலாம்.

“சிஸ்டம் ஸ்லோ” என்று கொட்டேஷன் கேட்கக் கிளம்புவதற்கு முன், எது ஸ்லோ என்று பாருங்கள். ஃபைல் திறக்க நேரமாகிறதா, மாடலைத் திருப்பும்போது திக்குகிறதா, ஓர் அளவை மாற்றினால் ரீபில்டு இழுக்கிறதா? மூன்றும் வெவ்வேறு நோய். ஒன்றின் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது.

‘பெர்ஃபார்மன்ஸ் எவால்யுவேஷன்’ என்று உள்ளேயே ஒரு கருவி இருக்கிறது. பலர் அதை அழுத்திப் பார்ப்பதே இல்லை. எந்த ஃபைல் திறக்க எவ்வளவு நேரம் எடுத்தது, எந்தப் பார்ட்டில் எத்தனை கிராபிக்ஸ் முக்கோணங்கள் என்று பட்டியல் போட்டுவிடும். அதன் உச்சியில் மெஷினின் கனத்த பேஸ் பிளேட் இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். பெரும்பாலும் ஒரு சுண்டு விரல் போல்ட்தான் உட்கார்ந்திருக்கும்.

திரையில் எந்த வளைவும் சின்னச் சின்ன முக்கோணங்களாகத்தான் வரையப்படுகிறது. ஓட்டையில்லாத செவ்வக முகத்துக்கு 2 முக்கோணம் போதும். ஹெலிக்ஸ் சுற்றி நிஜமாகவே மரை வெட்டிய எம்8 போல்ட் ஆயிரக்கணக்கில் கேட்கும். அதையே 400 இடத்தில் மாட்டினால் கிராபிக்ஸ் கார்டு என்னதான் செய்யும்? அந்த மரையை டிராயிங்கில் யாரும் அளக்கப்போவதில்லை. காஸ்மெடிக் திரெட் போடுங்கள், டிராயிங்கில் மரைக்கான குறியைக் காட்ட அது போதும். கேட்லாகிலிருந்து இறக்கிய கியர் மோட்டாரும் இதே ரகம்தான். ஸ்டெப் ஃபைலுக்குள் ஃபேன், உள் பேரிங், நேம் பிளேட்டில் பொறித்த எழுத்துவரை வந்து நிற்கும். நமக்கு வேண்டியது ஷாஃப்ட், ஃபிளாஞ்ச் ஓட்டைகள், வெளி உருவம். மிச்சத்தை ‘டிஃபீச்சர்’ கட்டளையால் உரித்துவிடலாம்.

ரீபில்டு இழுத்தால் விஷயம் வேறு. ஒரு ஃபீச்சர் முடிந்தால்தான் அதைச் சார்ந்த அடுத்தது தொடங்க முடியும். அதனால் வேலையின் பெரும்பகுதி ஒரே கோரில் ஓடுகிறது. 16 கோர் இருந்தும் டாஸ்க் மேனேஜர் 6 சதவீதம் என்று காட்டி நம்மைக் கேலி செய்வது இதனால்தான். எல்லா மேட்டையும் மேல்மட்ட அசெம்ப்ளியில் குவிக்காமல் சப்-அசெம்ப்ளிகளாகப் பிரியுங்கள். அவற்றையும் தேவையில்லாமல் ‘ஃபிளெக்சிபிள்’ ஆக்காதீர்கள்; ஆக்கினால் அவற்றின் மேட்டெல்லாம் திரும்பவும் மேலே வந்துதான் தீர்க்கப்படும். ஒரு பார்ட் இன்னொன்றின் விளிம்பைப் பார்த்து வளர்வது வடிவமைக்கும்போது வசதிதான். டிசைன் முடிந்த பிறகும் அந்தத் தொடர்பை விட்டுவைப்பதுதான் தலைவலி.

திறக்க நேரமாவதற்கு மருந்து சுலபம். லைட்வெயிட்டில் திறங்கள், கஸ்டமருக்குச் சுற்றிக் காட்ட மட்டும் என்றால் ‘லார்ஜ் டிசைன் ரிவ்யூ’ போதும். பழைய வெர்ஷனில் சேமித்த ஃபைல்கள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மாற்றப்படுகின்றன. ஒருமுறை புது வெர்ஷனில் சேமித்துவிடுங்கள். சர்வரிலிருந்து நேரடியாகத் திறக்காமல், வேலை செய்யும் நகல் உங்கள் எஸ்எஸ்டியில் இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் புது மெஷின் வேண்டுமென்றால் வாங்குங்கள். கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகத்தைப் பாருங்கள். ரெண்டரிங்கோ சிமுலேஷனோ செய்யாதவருக்கு 32 கோர் விற்கப் பார்ப்பவரிடம் டீக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.