குரல் உயர்த்தாத உறுதி

1962 சட்டமன்றத் தேர்தல் நேரம். காஞ்சிபுரத்தில் அண்ணாவை இழிவாக ஏசி எதிர்த்தரப்பினர் ஒரு பலகை வைத்தார்கள். தொண்டர்கள் கொதித்துப் போனார்கள். அண்ணாவோ, “அதைத் தொடாதீர்கள். ராத்திரியில் படிக்கிறவர்களுக்குச் சிரமமாக இருக்கும், பக்கத்தில் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு வையுங்கள்” என்றாராம். ஊரில் இன்றும் சொல்லப்படும் செய்தி இது. அந்தத் தேர்தலில் அவருடைய தி.மு.க. 50 இடங்களைப் பிடித்தது. அண்ணா சொந்த ஊரிலேயே தோற்றார். மென்மை உடனே பலன் தந்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. அதன் பலன் வேறு இடத்தில் இருக்கிறது.

1909-இல் காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகவும் வேலை பார்த்தவர் சி.என்.அண்ணாதுரை. அதட்டாமல் பேசுகிறவருக்கு எதிர்க்கும் துணிவு இருக்காது என்று எண்ணுகிறோம். அவரோ தம் தலைவர் பெரியாரையே எதிர்த்தார். 1947 ஆகஸ்ட் 15 துக்க நாள் என்று பெரியார் அறிவித்தபோது, அது மகிழ்ச்சிக்குரிய நாள் என்று காஞ்சியிலிருந்து தாம் நடத்திய ‘திராவிட நாடு’ இதழில் வெளிப்படையாக எழுதினார். 1949 செப்டம்பரில் சென்னை ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் தி.மு.க. என்ற தனிக்கட்சியே தொடங்கினார்.

ஆனால் பிரிந்த விதத்தைப் பாருங்கள். புதிய கட்சியின் தலைவர் நாற்காலி பெரியாருக்கே என்று காலியாக விடப்பட்டது. அண்ணா பொதுச்செயலாளராக மட்டுமே இருந்தார். விலகியவர்களைக் ‘கண்ணீர்த் துளிகள்’ என்று பெரியார் ஆண்டுக்கணக்கில் ஏளனம் செய்தார். அண்ணா அதே பாணியில் திருப்பித் தாக்கவில்லை.

கொள்கையிலும் அவருக்கு இந்த நிதானம் இருந்தது. 1953-இல் பெரியார் பிள்ளையார் சிலைகளை உடைத்தபோது, தாம் பிள்ளையாரையும் உடைப்பதில்லை, பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைப்பதில்லை என்றார் அண்ணா. திரும்பிய பக்கமெல்லாம் கோபுரம் தெரியும் ஊரில் வளர்ந்த பகுத்தறிவாளர் அவர். பக்கத்து வீட்டுக்காரரின் பக்தியைப் புண்படுத்தாமலே தம் நம்பிக்கையின்மையைக் காத்துக்கொள்ள முடியும் என்று காட்டினார்.

இந்தக் குணத்துக்கு எல்லையும் உண்டு. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் தீக்குளிப்பு, துப்பாக்கிச்சூடு என்று கொந்தளித்தபோது, அமைதி காக்கச் சொன்ன அவர் பேச்சு எல்லா இடத்திலும் எடுபடவில்லை. ஊரே கொதிக்கும் நேரத்தில் ஒருவரின் பொறுமை மட்டும் போதாது.

1967 தேர்தலில் தி.மு.க. வென்றது. பெரியார் காங்கிரசுக்காகப் பிரசாரம் செய்திருந்தார். வெற்றி பெற்ற அண்ணா, பதவி ஏற்கும் முன்பே திருச்சிக்குப் போய் அவரைச் சந்தித்தார். தம் அமைச்சரவையே பெரியாருக்குக் காணிக்கை என்றார். 18 ஆண்டுப் பகை அதோடு தீர்ந்தது. அண்ணா பழித்துப் பேசியிருந்தால் எந்த முகத்தோடு அந்த வாசலுக்குப் போயிருப்பார்?

சட்டமன்றத்திலும் இதையே பார்க்கிறோம். தமிழ்நாடு என்ற பெயருக்காக மாநிலங்களவையில் அவர் வாதாடியபோது அது ஏற்கப்படவில்லை. 1967 ஜூலை 18-இல் முதலமைச்சராக அவர் கொண்டுவந்த பெயர் மாற்றத் தீர்மானத்தைக் காங்கிரஸ் உறுப்பினர்களும் சேர்ந்து ஒருமனதாக நிறைவேற்றினார்கள். நேற்று எதிர்த்தவர்கள் இன்று கூச்சமில்லாமல் கை தூக்க அவர் இடம் வைத்திருந்தார்.

இன்று தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் பேச மற்ற மூவர் கத்துகிறார்கள். நகராட்சிக் கூட்டங்களில் வெளிநடப்பு வழக்கமாகிவிட்டது. நிதானமாகப் பேசும் இளைஞரைப் பார்த்து, “அரசியலுக்கு நீ லாயக்கில்லை” என்கிறோம். அப்படிச் சொல்லிச் சொல்லியே நல்லவர்கள் பலரை வீட்டில் உட்கார வைத்துவிட்டோம். பொதுவாழ்வில் இன்றைய எதிரியோடுதான் நாளை சட்டம் இயற்ற வேண்டும், குடிநீருக்கு வழி தேட வேண்டும். கருத்தில் விட்டுக்கொடுக்காமல் ஆளைக் காயப்படுத்தாமல் பேசத் தெரிந்தவர்களுக்கே அந்த வேலை கைகூடும். அப்படிப்பட்டவர்களைத் தேடிப்பிடித்து வார்டு தேர்தலிலாவது நிற்க வைப்போம்.