பொதுஜன அபிப்பிராயமும் வெளிநாட்டுக் கொள்கையும்

அந்நிய நாட்டு விவகாரங்கள் ராஜதந்திரிகளுக்கே உரியவை, ஜனங்களுக்கு அவற்றில் வேலையில்லை என்று சொல்வோர் எக்காலத்திலும் உண்டு. வீதியில் எழும் கோஷத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு ஜனாதிபதியோ பிரதம மந்திரியோ பிற தேசங்களுடன் காரியம் நடத்த முடியுமா என்பது அவர்கள் வாதம். சரித்திரம் இந்த வாதத்தை ஒப்பவில்லை. ஜனங்களின் அபிப்பிராயம் அதிபர்களைத் தயங்க வைத்ததும் உண்டு. பதவியைத் துறக்க வைத்ததும் உண்டு. ஆயினும் எல்லா அபிப்பிராயத்துக்கும் அந்தச் சக்தி வாய்த்துவிடுவதில்லை. அது எப்போது பலிக்கிறது, எப்போது வீணாகிறது என்பதைத் தமிழ்நாட்டில் பொதுவாழ்வில் ஈடுபட்டோர் யாவரும் ஆராய்வது அவசியம்.

அமெரிக்காவை முதலில் பார்ப்போம். 1937 அக்டோபரில் சிகாகோ நகரில் பேசிய ஜனாதிபதி ரூஸ்வெல்ட், ஆக்கிரமிப்புச் செய்யும் தேசங்களைத் தொற்றுநோய் கண்டவரைப் போல் ஒதுக்கிவைக்க வேண்டும் என்றார். யுத்தத்தை வெறுத்த ஜனங்களிடையே கண்டனம் எழவே, அந்த யோசனையை அவர் மேலே கொண்டுசெல்லவில்லை. 1941 மார்ச்சில் பிரிட்டனுக்கு ஆயுத உதவி அளிக்கச் சட்டம் பிறந்தது. ஆனால் டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்படும் வரை யுத்தப் பிரகடனம் செய்ய அவர் துணியவில்லை. ஜனாதிபதி ஜான்ஸனோ, வியட்நாம் யுத்தத்தின்மீது வளர்ந்த வெறுப்பைச் சொந்தக் கட்சியின் பூர்வாங்கத் தேர்தலிலேயே கண்டார். 1968 மார்ச் 31 அன்று, வட வியட்நாமின் பெரும்பகுதியில் குண்டுவீச்சை நிறுத்துவதாகவும், மறுபடி தாம் தேர்தலுக்கு நிற்கப்போவதில்லை என்றும் அறிவித்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? அண்டையிலுள்ள இலங்கையே போதும். 1987 ஜூலை 29 அன்று ஜனாதிபதி ஜயவர்த்தனே ராஜீவ் காந்தியுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது கொழும்பில் ஊரடங்குச் சட்டம் அமலில் இருந்தது. சிங்கள ஜனங்களிடையே அவ்வளவு எதிர்ப்பு. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்ற பிரேமதாசா, இந்தியத் துருப்புகளை வெளியேற்றுவதாக வாக்களித்து வென்றார். 1989 ஜூனில் அதைப் பகிரங்கமாகக் கோரினார். 1990 மார்ச்சில் கடைசித் துருப்பும் கப்பலேறியது.

இவ்விரு தேசங்களிலும் அபிப்பிராயம் அதிபரை எட்டிய வழி வோட்டுப் பெட்டி. நம் தேசத்திலோ நிர்வாகம் ஜனாதிபதியின் பெயரால் நடப்பினும், அவர் மந்திரிசபையின் யோசனைப்படியே நடக்கிறார். மந்திரிசபையின் உயிர் லோக்சபைப் பெரும்பான்மையில் இருக்கிறது. ஆகவே இங்கே அபிப்பிராயம் புகவேண்டிய வாசலும் அதுவே. இலங்கைத் தமிழர் விஷயம் இதற்குத் தக்க சான்று.

2008 அக்டோபர் 14 அன்று சென்னையில் கூடிய சர்வகட்சிக் கூட்டம், இரண்டு வாரத்துக்குள் போர் நிறுத்தத்துக்கு மத்திய சர்க்கார் வழிசெய்யாவிடில் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் ராஜீனாமாச் செய்வர் என்று முடிவு செய்தது. வெளிநாட்டு மந்திரி பிரணாப் முகர்ஜி சென்னைக்கு விரைந்து வந்தார். நிவாரணப் பொருள்கள் அனுப்பப்பட்டன. ராஜீனாமாப் பேச்சு அடங்கிற்று. போர் அடங்கவில்லை. 2009 மே மாதம் அது முடிந்த விதத்தை உலகம் அறியும். அம்மாதம் 27 அன்று ஜெனிவாவில், இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது.

மூன்று ஆண்டுகளில் காற்று திசை மாறியது. 2012 மார்ச் 22 அன்று இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்கு இந்தியா வோட்டளித்தது. தனியொரு தேசத்தின்மேல் கொண்டுவரப்படும் தீர்மானங்களை ஆதரிப்பதில்லை என்ற வழக்கத்தை டில்லி அன்று கைவிட்டது. 2013 மார்ச்சில் சென்னைக் கல்லூரி மாணாக்கர் உபவாசத்தில் அமர்ந்தனர். கிளர்ச்சி மாகாணம் முழுவதும் பரவியது. 18 லோக்சபை அங்கத்தினரைக் கொண்டிருந்த திராவிட முன்னேற்றக் கழகத்தின் தேனாம்பேட்டைத் தலைமையகம் பக்கம் டில்லியின் கண் திரும்பியது. மந்திரிகள் மூவர் கழகத் தலைவர் கருணாநிதியை வந்து கண்டனர். பயனில்லை. மார்ச் 19 அன்று கழகம் கூட்டணியிலிருந்து விலகியது. இரண்டே நாளில் இந்தியா மறுபடி தீர்மானத்தை ஆதரித்தது. அவ்வாண்டு நவம்பரில் கொழும்பில் கூடிய காமன்வெல்த் மகாநாட்டுக்குப் பிரதம மந்திரி மன்மோகன் சிங் செல்லவில்லை. வெளிநாட்டு மந்திரி சென்றார்.

இதை முழு வெற்றி என்று கொண்டாடலாமா? கூடாது. கழகம் கேட்ட திருத்தங்கள் 2013 தீர்மானத்தில் இடம்பெறவில்லை. சர்வதேச விசாரணைக்கு வழிசெய்த தீர்மானம் வந்தது 2014 மார்ச் 27 அன்று. தமிழர் ஆண்டுக்கணக்கில் கோரியது எதுவோ, அது கைக்கு எட்டிய அந்நாளில் இந்தியா நடுநிலை வகித்தது! அப்போது டில்லி மந்திரிசபைக்கு இழப்பதற்குத் தமிழ்நாட்டில் கூட்டாளி எவரும் இல்லை. அடுத்த மாதத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஒன்றுகூடக் காங்கிரஸுக்குக் கிட்டவில்லை என்பது உண்மையே. ஆனால் வோட்டு ஜெனிவாவில் விழுந்த பிறகு விழும் தண்டனை அந்த வோட்டை மாற்றுமா? டில்லியில் சர்க்கார் மாறிய பின்னும் 2021-லும் 2022-லும் இந்தியா நடுநிலையே வகித்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. சபையில் எண்ணிக்கையாக உருக்கொள்ளாத அபிப்பிராயம் மந்திரிகளின் அனுதாபத்தைப் பெறலாம், முடிவைப் பெறாது. காலம் கடந்து உருக்கொள்ளும் அபிப்பிராயமோ சடங்காகவே முடியும். 2013-இல் கழகம் காட்டிய உறுதியைச் சர்வகட்சிகளும் 2008 அக்டோபரில் கடைசிவரை காட்டியிருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்று எவராலும் கணக்கிட முடியாது. ஆனால் முயன்று பார்க்கத் தகுந்த காலம் அதுவே.

எனவே ஊர்வலத்தோடும் உண்ணாவிரதத்தோடும் நம் கடமை தீர்ந்ததாக எண்ணலாகாது. ஜெனிவாவில் எந்தத் தீர்மானம் எந்த மாதத்தில் வருகிறது, அதன் வாசகம் என்ன, நம் தொகுதி அங்கத்தினர் பார்லிமெண்டில் அதுபற்றி என்ன கேட்டார் என்று முன்கூட்டியே விசாரித்து, அவரிடம் பதில் வாங்குவோர் ஊருக்குப் பத்துப் பேர் வேண்டும். அத்தகைய அபிப்பிராயத்தை எந்த ராஜதந்திரியும் கூச்சலென்று தள்ளிவிட முடியாது.