ஜொகூர் பாரு பழைய நகரில் அரை நாள்: செகெட் ஆற்றங்கரையில் நம்மவர் வரலாறும் உண்டு

ஜொகூர் பாரு - பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டப்புறங்களிலிருந்தும் சிறு நகரங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஜொகூர் பாருவுக்கு வருவோர் பலர். அருள்மிகு ராஜமாரியம்மன் ஆலயத்தில் ஓர் அர்ச்சனை, ஜாலான் உங்கு புவானில் கொஞ்சம் துணிமணி, ஒரு வாழை இலைச் சாப்பாடு, மீதி நேரம் பேரங்காடியில். மாலையானதும் வீடு திரும்பிவிடுகிறார்கள். அதே ஆலயத்தைச் சுற்றி, நடந்தே பார்த்து முடிக்கக்கூடிய தொலைவில், இந்த நகரம் பிறந்து வளர்ந்த கதை முழுவதும் கிடக்கிறது. அதில் நம்மவர்களின் பங்கும் இருக்கிறது. பெரிய செலவில்லாமல் அரை நாளில் அதைப் பார்த்து வரலாம்.

ஆற்றில் தொடங்கிய ஊர்

1855ஆம் ஆண்டு தெமெங்கோங் டாயெங் இப்ராகிம் இந்த ஊரை நிறுவியபோது இதன் பெயர் தஞ்சோங் புத்ரி. அவருடைய மகன் அபு பாக்கார் 1866இல் ஜொகூர் பாரு என்று பெயர் மாற்றினார். அப்போது ஜொகூருக்குச் சாலைகள் கிடையாது, ஆறுகள்தான் வழி. மிளகும் கேம்பிரும் பயிரிட்ட சீனர்கள் ஆற்றங்கரைகளில் குடியேறினர். ஜொகூரில் 'கங்கார்' என்று தொடங்கும் ஊர்ப் பெயர்கள் பல இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஜொகூர் பாருவுக்கு அப்படி அமைந்தது செகெட் ஆறு. அதன் ஓரமாகவே கடைத்தெரு வளர்ந்தது. இன்றைய ஜாலான் வோங் ஆ ஃபூக் அந்த ஆற்றை ஒட்டியே செல்கிறது. அரண்மனையான இஸ்தானா பெசாரைக் கட்டிய குத்தகையாளரின் பெயர்தான் அந்தச் சாலைக்குச் சூட்டப்பட்டுள்ளது. பிற்காலத்தில் செகெட் சாக்கடையாக மாறி, நாற்றம் தாங்காமல் அதன் மேல் மூடி போட்டு மறைத்த காலமும் உண்டு. பிறகு மூடியை அகற்றி ஆற்றைச் சீரமைத்தார்கள். இப்போது அதன் ஓரமாக நடக்க முடிகிறது.

ஆலயத்திலிருந்து தொடங்கலாம்

நடைப்பயணத்தை ராஜமாரியம்மன் ஆலயத்திலிருந்து தொடங்குவதே வசதி. காலை பூசைக்குப் போய்விட்டு, பக்கத்திலேயே பசியாறிவிட்டுக் கிளம்பலாம்.

1911இல் எழுந்த ஆலயம் இது. ஜொகூர் சுல்தான் தந்த நிலத்தில் அமைந்ததால், அந்த நன்றியின் அடையாளமாக மாரியம்மன் பெயருக்கு முன்னால் 'ராஜ' என்ற சொல் சேர்ந்தது என்பது ஆலய வழி வரும் வரலாறு. பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் இந்த ஒரு சொல்லின் கதையை மட்டுமாவது சொல்லிக் கொடுக்கலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் நம்மவர்கள் இந்த ஊரில் கூடி வாழ்ந்தார்கள், கோயில் கேட்டார்கள், ஆட்சியாளர் நிலம் கொடுத்தார் என்பதற்கு அந்தப் பெயரே சான்று.

காலத்தையும் கவனிக்க வேண்டும். ஜொகூரில் ரப்பர் தோட்டங்கள் பெருகியது 1900களின் தொடக்கத்தில். கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து குடும்பங்கள் வந்து சேர்ந்ததும் அப்போதுதான். வேலை தோட்டத்தில் என்றாலும், தீபாவளிச் சாமான், தாலிக்குத் தங்கம், திருவிழா எல்லாவற்றுக்கும் நகரத்தில் ஓரிடம் தேவைப்பட்டது. பூமாலைக் கடைகளும் பலசரக்குக் கடைகளும் நிறைந்த ஜாலான் உங்கு புவான் வட்டாரம் அப்படிப்பட்ட இடம்.

ஒரே வட்டாரத்தில் பல வழிபாடுகள்

அங்கிருந்து ஜாலான் துருஸ் பக்கம் நடந்தால், சில நூறு மீட்டருக்குள் பல சமயங்களின் வழிபாட்டுத் தலங்களைக் காணலாம். சீனப் பழைய ஆலயம் 1870களில் கட்டப்பட்டது. தியோசூ, ஹொக்கியன், கன்டோனீஸ், ஹக்கா, ஹைனான் ஆகிய ஐந்து மொழிப் பிரிவினரும் ஆளுக்கொரு தெய்வத்தை வைத்து ஒரே கூரையின் கீழ் வழிபடுகிறார்கள். சீனப் புத்தாண்டு மாதத்தில் அந்த ஐந்து தெய்வங்களும் ஊர்வலமாக வருவது ஜொகூர் பாருவின் பெரிய திருவிழா.

அதே சாலையில் சீக்கியர்களின் குருத்துவாரா இருக்கிறது. அருகில் ஜாலான் கெரேஜாவில், 1883இல் தொடங்கிய கத்தோலிக்கத் தேவாலயம் இருக்கிறது. இந்திய முஸ்லிம்களின் மஸ்ஜிட் இந்தியாவும் இந்த வட்டாரத்தில்தான். நல்லிணக்கத்தைப் பற்றி மேடையில் பேசுவதைக் கேட்பதைவிட, இந்தத் தெருக்களில் ஒரு முறை நடந்து பார்ப்பது பிள்ளைகள் மனத்தில் நிற்கும்.

டோபித் தெருவின் அடுப்பு

அடுத்து ஜாலான் டோபி. சலவைத் தொழிலாளர்கள் இருந்த தெரு என்பதால் வந்த பெயர். இந்தத் தெருவில் 1937 முதல் இயங்கிவரும் சலாவுடின் ரொட்டிக் கடையை இந்திய முஸ்லிம் குடும்பம் ஒன்று நடத்துகிறது. இன்றும் விறகு அடுப்பில்தான் ரொட்டி வேகிறது. சூடான கறிபாப் வாங்கி, நின்றபடியே சாப்பிட்டுவிட்டு நகரலாம்.

பக்கத்திலேயே ஜாலான் தான் ஹியோக் நீ. அங்கே 1919இல் தொடங்கிய ஹியாப் ஜூ ரொட்டிக் கடையின் வாழைப்பழக் கேக்குக்கு வார இறுதியில் வரிசை நிற்கும். பழைய கடைவீடுகளின் முகப்பு, மரச் சன்னல்கள், ஐந்தடி நடைபாதை ஆகியவற்றைப் படமெடுக்கவே சுற்றுப்பயணிகள் இங்கு வருகிறார்கள்.

ரயிலும் பாலமும்

கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை 1909இல் திறக்கப்பட்டது. பழைய நிலையக் கட்டடம் ஜேபி சென்ட்ரலுக்கு அருகே இருக்கிறது. 2010இல் சேவை புதிய நிலையத்துக்கு மாறியது. சிகாமட், லாபிஸ், குளுவாங் பகுதித் தோட்டங்களின் ரப்பர் சந்தைக்குப் போக இந்தப் பாதை உதவியது.

நிலையத்திலிருந்து சற்று நடந்தால் சிங்கப்பூரை இணைக்கும் கடற்பாலம் கண்ணில் படும். 1919இல் வேலை தொடங்கி, 1923இல் முதல் ரயில்கள் ஓடி, 1924இல் அதிகாரபூர்வத் திறப்பு விழா கண்டது. நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். 1942 ஜனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை இந்தப் பாலத்தின் ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்த்தது. புக்கிட் திம்பாலான் குன்றின் மேல் உயர்ந்து தெரியும் சுல்தான் இப்ராகிம் கட்டடத்தை ஜப்பானியர் சிங்கப்பூரைக் கண்காணிக்கும் இடமாகப் பயன்படுத்தினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தோட்டக் குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் ரயில்களில் ஏற்றப்பட்டு, சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் மிகப் பலர். தாத்தா பாட்டி சொன்ன அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல, இந்த ரயில் பாதையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

கண்ணாடி ஆலயமும் மணிக்கூண்டு மசூதியும்

மீதி இரண்டு இடங்களுக்கு வாகனம் தேவை. ஒன்று ஜாலான் தெப்ராவ் பக்கமுள்ள அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கண்ணாடி ஆலயம். 1922இல் சிறு குடிலாக இருந்த கோயில் இது. 1990களில் பெரிதாக எழுப்பப்பட்டது. பேங்காக் சென்ற தலைமைக் குருக்கள் அங்குள்ள புத்த ஆலயத்தின் கண்ணாடி வேலைப்பாட்டைக் கண்டு, அதே முறையைக் காளியம்மனுக்கும் செய்ய முனைந்தார். 2009இல் பணி முடிந்தபோது சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டிருந்தன. மலேசியச் சாதனைப் புத்தகத்திலும் இடம்பெற்றது. உருத்திராட்சம் பதித்த சுவரும், புத்தர், இயேசு, அன்னை தெரேசா சிலைகளும் பலரைக் கவர்கின்றன.

மற்றொன்று நீரிணையைப் பார்த்தபடி குன்றில் நிற்கும் சுல்தான் அபு பாக்கார் மசூதி. 1892இல் தொடங்கி 1900இல் கட்டி முடித்தார்கள். அதைப் பார்க்க சுல்தான் உயிரோடு இல்லை, 1895இலேயே மறைந்துவிட்டார். அதன் கோபுரங்கள் ஆங்கிலேய நாட்டு மணிக்கூண்டுகளைப் போலிருக்கும்.

சொல்ல ஆளில்லாவிட்டால்

ஆற்றங்கரையில் பிறந்த நகரங்கள் தங்கள் பழைய பகுதியை எப்படி நடத்துகின்றன என்பதற்கு அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நல்ல எடுத்துக்காட்டு. மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள அந்நகரில், நினைவிடம் அமைப்பதற்காக 1939 முதல் ஏறக்குறைய 40 வீதித் தொகுதிகளை இடித்துத் தள்ளினார்கள். பழைய பண்டகசாலைகளும் கடைகளும் போயின. அங்கே 1965இல் 192 மீட்டர் உயர வளைவு எழுந்தது. இன்று உலகமே அதைப் பார்க்க வருகிறது. ஆனால் அந்த வளைவுக்கு எதிரே இடிபடாமல் தப்பிய பழைய நீதிமன்றத்தில்தான், டிரெட் ஸ்காட் என்ற அடிமைத் தொழிலாளி தன் விடுதலைக்காக வழக்காடிய வரலாறு சொல்லப்படுகிறது. கட்டடம் நின்றது; அதனால் ஓர் ஏழைத் தொழிலாளியின் கதையும் நின்றது.

ஜொகூர் பாருவிலும் காலம் வேகமாக மாறிவருகிறது. புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூர் ஊட்லண்ட்ஸ் நார்த்துக்கு 4 கிலோமீட்டர் தூர ஆர்டிஎஸ் ரயில், 2026 இறுதியை இலக்காகக் கொண்டு கட்டப்பட்டது. ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை பயணம் செய்யலாம். அவ்வளவு பேர் வந்து இறங்கும் இடத்தின் பக்கத்திலேயே பழைய நகரம் இருக்கிறது. கூட்டம் வந்தால் வியாபாரம் பெருகும், வாடகையும் ஏறும். மாலை கட்டுபவரும் சிறு கடைக்காரரும் அந்த வாடகைக்கு ஈடுகொடுக்க முடியுமா என்ற கேள்வி இருக்கிறது.

மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் பெயர்பெற்ற ரப்பர் தோட்டம். இன்று அது கடைகளும் வீடமைப்புப் பகுதிகளும் நிறைந்த நகர். அங்கு நடக்கும் இளையோரில் எத்தனை பேருக்குப் பால்மரம் நின்ற இடம் என்று தெரியும்? சொல்ல ஆளில்லாவிட்டால் இடத்தின் கதை ஒரு தலைமுறையில் மறந்துபோகும்.

போகும் முன் கவனிக்க

* வெயிலுக்கு முன் நடையை முடிக்கலாம். காலை 8 மணிக்குத் தொடங்கினால், நடந்து பார்க்கும் இடங்களை மதியத்துக்குள் முடித்துவிடலாம்.

* கண்ணாடி ஆலயத்தில் பார்வையாளர் நேரமும் கட்டணமும் உண்டு. கிளம்பும் முன் கேட்டறிவது நல்லது.

* மசூதிக்கு வெள்ளிக்கிழமையும் தொழுகை நேரங்களும் தவிர்த்துச் செல்ல வேண்டும். எல்லா வழிபாட்டுத் தலங்களுக்கும் தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். குருத்துவாராவில் தலையை மூட வேண்டும்.

* 2025 ஜனவரி முதல் ஜொகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறு. அதனால் கடற்பாலப் பக்கம் அந்நாட்களில் நெரிசல் அதிகம். சொந்த வண்டியைவிட ரயிலோ பேருந்தோ சிரமம் குறைக்கும்.

* வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். எந்தத் தோட்டத்திலிருந்து எப்போது நகரத்துக்கு வந்தார்கள், எந்தக் கடையில் தீபாவளிச் சட்டை வாங்கினார்கள் என்று கேட்டு, பிள்ளைகளின் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆலய இளைஞர் பகுதிகளும் ஆண்டுக்கு ஒரு முறை இத்தகைய நடையை ஏற்பாடு செய்யலாம். பேருந்து வாடகையும் பசியாறும் செலவும்தான் ஆகும். ஆலய வாசலில் தொடங்கும் நடையில், 'ராஜ' என்ற சொல் எப்படி வந்தது என்று எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தால் போதும்.