படம் காட்டினால் போதுமா?

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வகுப்பு. “முற்காலத்தில் பனையோலையில் எழுதினார்கள்” என்கிறார் ஆசிரியர். பேருந்திலும் காரிலும் போகும்போது செம்பனைத் தோட்டங்களையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, பனை என்றதும் செம்பனைதான் மனத்தில் வருகிறது. அந்த ஒல்லியான கீற்றில் எப்படி எழுதியிருப்பார்கள்? பிள்ளை குழம்புகிறது. ஆனாலும் கேட்பதில்லை, எல்லாரோடும் சேர்ந்து தலையை ஆட்டிவிடுகிறது.

இந்த இடத்தில் இரண்டு படங்கள் போதும். பனையின் ஓலை விசிறிபோல் விரிந்திருக்கும். செம்பனை மட்டையிலோ தென்னையைப் போல இருபுறமும் கீற்றுகள் தொங்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “எதில் எழுத வசதி?” என்று ஆசிரியர் கேட்டால், விடையைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பனைமரத்தின் படத்தை மட்டும் ஒரு நொடி காட்டிவிட்டு நகர்ந்தால் இந்தப் பயன் கிடைக்காது. படத்தோடு ஒரு கேள்வியும் வர வேண்டும்.

படத்தைக் கொண்டு போதிப்பது புதிய முறையன்று. 1658ஆம் ஆண்டிலேயே கொமேனியஸ் என்ற கல்வியாளர் பிள்ளைகளுக்காகப் படப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இருக்கும். அதே எண் பாடத்திலும் வரும். எந்தச் சொல் எந்தப் பொருளைக் குறிக்கிறது என்பதில் சந்தேகமே எழாது.

இன்றைய வகுப்பறையில் படங்களுக்குப் பஞ்சமில்லை. இணையத்தில் தேடினால் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. நீர்ச் சுழற்சியை விளக்கும் திரையில் சிரிக்கும் சூரியன், குடை பிடித்த பூனை, மின்னும் எழுத்துகள் எல்லாம் இடம்பிடித்துவிடுகின்றன. பாடத்தோடு தொடர்பில்லாத கவர்ச்சிகள் கற்றலைக் குறைக்கின்றன என்பதை அமெரிக்க உளவியல் பேராசிரியர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. விளக்கச் சொற்களைப் படத்தின் உரிய பகுதிக்கு அருகிலேயே எழுத வேண்டும் என்பதும் அவர் கண்டறிந்ததே. ‘ஆவியாதல்’ என்ற சொல் கடலுக்கு மேலே அம்புக்குறியை ஒட்டியே இருக்கட்டும். கீழே பட்டியலாகப் போட்டால், பிள்ளையின் கண் மேலும் கீழும் அலைந்தே களைத்துவிடும்.

அச்சிட்ட படத்தைவிட, ஆசிரியர் பேசிக்கொண்டே வெண்பலகையில் வரையும் கோட்டுப்படம் பல நேரங்களில் கூடுதலாக உதவும். முதலில் கடல், பிறகு மேலே எழும் ஓர் அம்புக்குறி, அதன் பிறகு மேகம். படம் வளரும் வேகத்திலேயே பிள்ளையின் எண்ணமும் வளர்கிறது. முன்பே வரைந்து முடித்த படத்தை விளக்குவதைவிட, கண்ணெதிரே வரைந்து விளக்கும்போது, அந்தப் பாடத்தில் முன்னறிவு குறைந்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டதாக மேயரும் லோகன் ஃபியோரெல்லாவும் 2016இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஓவியம் வராது என்று ஆசிரியர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. வட்டம், கட்டம், அம்புக்குறி தெரிந்தால் போதும்.

கட்டம் மட்டுமே போதும் என்பதற்குச் சிங்கப்பூரின் கணிதப் பாடம் நல்ல சான்று. 1980களில் டாக்டர் கோ டெக் ஹோங் தலைமையிலான பாடநூல் குழு அங்கே ‘மாடல்’ வரையும் முறையைக் கொண்டுவந்தது. ஒரு கணக்கைப் பாருங்கள். கவிதாவைவிட முரளியிடம் 30 முத்திரைகள் அதிகம். இருவரிடமும் சேர்த்து 110. அப்படியானால் கவிதாவிடம் எத்தனை? 110இலிருந்து 30ஐக் கழித்து, 80 என்று எழுதிவிட்டு நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. கவிதாவுக்கு ஒரு நீளக் கட்டம், முரளிக்கு அதே அளவு கட்டத்தோடு 30 என்று குறித்த சிறு துண்டு ஒன்று என வரைந்தால், அந்த 80 இரண்டு சம கட்டங்களுக்கு உரியது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். ஒரு கட்டம் 40. கவிதாவிடம் 40, முரளியிடம் 70. வீட்டில் ‘எக்ஸ்’ போட்டுச் சொல்லித்தரும் அப்பாக்கள் இந்தக் கட்டங்களைப் பார்த்து முகம் சுளிப்பதுண்டு. பத்து வயதுப் பிள்ளைக்குக் கட்டம்தான் பிடிபடுகிறது.

படம் தவறாகவும் கற்பிக்கும். இதயத்தின் படத்தில் உயிர்வளி குறைந்த இரத்தத்தை நீல நிறத்தில் காட்டுவது வழக்கம். நம் உடலில் பாதி இரத்தம் நீலம் என்று நம்பிக்கொண்டே சில பிள்ளைகள் இடைநிலைப்பள்ளி வரை போய்விடுகிறார்கள். உண்மையில் அது கருஞ்சிவப்பு. நீலம் அடையாளத்துக்காகத் தீட்டியது. பூமியின் சுற்றுப்பாதையும் அப்படித்தான். சாய்வாகப் பார்ப்பதுபோல் வரைவதால் அது நீண்ட முட்டை வடிவில் தெரிகிறது. சூரியனுக்கு அருகே போனால் கோடை, விலகினால் குளிர் என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. அந்தப் பாதை ஏறக்குறைய வட்டம். பருவங்கள் மாறுவது பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால். படத்தைக் காட்டும் அதே மூச்சில் ஆசிரியர் இதைச் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைகளையும் வரையவிட வேண்டும். சொற்களைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களைவிட, அவற்றைப் படமாக வரைந்தவர்கள் அதிகச் சொற்களை நினைவுகூர்ந்ததைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினர். படம் அழகாக இருக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஆசிரியருக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, நீர்ச் சுழற்சியைப் பார்க்காமல் வரையச் சொல்லித் தாள்களை வாங்கிக்கொள்ளலாம். யார் தலையை மட்டும் ஆட்டினார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். கடலிலிருந்து மேகத்துக்கு அம்புக்குறி போடாத பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, மறுநாள் பாடத்தை அந்த இடத்திலிருந்தே தொடங்கலாம்.